சூழல் மீட்பு நிதி: ஊர்க் குழு விண்ணப்பங்களுக்கு எதை வைத்து மதிப்பெண் போடுவது?

#1 வரப்பு

வணக்கம். காப்புக்காட்டு ஓரம், கண்மாய், மலைப் புல்வெளி மாதிரியான பொதுநிலங்களில் அந்நியச் செடிகளை அகற்றி நிலத்தை மீட்க ஊர்க் குழுக்களுக்குச் சிறு நிதி கொடுக்கும் திட்டம் ஒன்று. பணம் ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வருகிறது. விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போட வேண்டும். கையில் கொடுத்திருக்கும் தாள் இதுதான்: நடும் கன்றுகளின் எண்ணிக்கை 30, பரப்பு 20, பயன்பெறுவோர் எண்ணிக்கை 20, வரவுசெலவு 20, அனுபவம் 10.

மூன்று விண்ணப்பங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அ) கண்மாய். 60 ஏக்கர் சீமைக்கருவேலத்தை "வேரோடு அகற்றி" 10,000 கன்று நடுவது. ஓராண்டு.

ஆ) காப்புக்காட்டு ஓரம் 25 ஹெக்டேர் உண்ணிச்செடி (லாண்டானா). விண்ணப்பித்தது கிராம வனக்குழு. கன்று 500 மட்டும். மூன்றாண்டு கேட்கிறார்கள்.

இ) மலையில் சீகை (வாட்டில்) மரங்களை வெட்டிவிட்டு 8,000 சோலை மரக்கன்று நடுவது. இரண்டாண்டு. படங்கள் பிரமாதம்.

தாள்படி கூட்டினால் அ முதலிடம், ஆ கடைசி. படித்துப் பார்த்தால் ஆ எழுதியவர்களுக்குத்தான் வேலை தெரியும் என்று தோன்றுகிறது. தாளை எப்படி மாற்றலாம்?

#2 கண்மாய்க்கரை

அ-வுல இருந்து ஆரம்பிக்கிறேன் சார். 10,000 கன்று எங்க நடப் போறாங்கன்னு ஒரு கேள்வி கேளுங்க. நீர்பிடிப்புக்குள்ள நட்டா ஐப்பசி கார்த்திகையில தண்ணி ஏறி கன்று முங்கிப் போகும். கரையில நடுறதுன்னா கரை நீளம் என்ன? 1 கிலோமீட்டர் கரையில 3 மீட்டருக்கு ஒன்னுன்னு ஒரு வரிசை பனை விதைச்சா 333. ரெண்டு வரிசை போட்டாலும் 700-ஐத் தாண்டாது. மிச்சம் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேப்பர்ல மட்டும்தான் வளரும். உங்க தாள்ல கன்றுக்கு 30 மார்க்குன்னு போட்டிருக்கீங்க, அவங்க அதுக்கேத்த மாதிரி எழுதியிருக்காங்க. தப்பு அவங்க மேல மட்டும் இல்ல.

அடுத்து, அது யார் கண்மாய்? ஆயக்கட்டு, அதாவது அதுல தண்ணி பாயுற நிலம், 40 ஹெக்டேருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை, அதுக்குக் கீழ ஊராட்சி ஒன்றியம். நீர்வளத்துறைக் கண்மாய்க்கு ஊராட்சித் தலைவர்கிட்ட கடிதம் வாங்கி இணைச்சிருந்தா அது சம்மதக் கடிதம் மட்டும்தான், அனுமதி ஆகாது. உள்ள வனத்துறை நட்டு வளர்த்த நாட்டுக் கருவேலம் நிக்குதுன்னா அதுக்கு மூணாவதா ஒரு கையெழுத்து வேணும். புல எண்ணை வாங்கி வருவாய்த்துறையோட நிலப் பதிவேட்டுல (அ-பதிவேடு) நீங்களே ஒருதரம் பார்த்துடுங்க. கண்மாய்ப் புறம்போக்குன்னு எழுதியிருப்பாங்க, பதிவேட்டுல பாதி பட்டாவா நிக்கும்.

இனி விஷயத்துக்கு வரேன். சீமைக்கருவேல விறகுக்கு விலை உண்டு, கரிமூட்டத்துக்குப் போகும். காசு தண்டுல இருக்கு, உழைப்பு தூர்ல இருக்கு. ஒப்பந்தக்காரர் தண்டை வெட்டி லாரியில ஏத்திட்டு தூரை அப்படியே விட்டுட்டுப் போயிடுவார். அதோட மொட்டு தரைக்குக் கீழ ஒரு அடி வரைக்கும் இருக்கும். தரைமட்டத்துல வெட்டினா ஒரு தண்டு இருந்த இடத்துல ஏழெட்டுத் துளிர் கிளம்பி அடுத்த வருஷம் பழைய காட்டை விட நெருக்கமா நிக்கும். அதனால மூணு விஷயம் விண்ணப்பத்துல இருக்கணும்: தூரை எவ்வளவு ஆழத்துக்கு எடுப்பாங்க, விறகு யாருக்குப் போகுது, ஏலத்தை யார் நடத்துறது. விறகு வரவுல ஒரு ரூபா கூடக் காட்டாம அகற்றக் கூலி முழுசா கேட்டிருந்தா கணக்கு முழுசா இல்லைன்னு அர்த்தம்.

இயந்திரம் விஷயம். ஜேசிபி கண்மாய்க்குள்ள தூரைப் பிடுங்க நல்லதுதான், ஆனா பிடுங்கின குழியை அன்னிக்கே மூடி மட்டம் பண்ணணும். கரை மேலயும் உள்சரிவுலயும், மடை, கலுங்கு பக்கத்துலயும் ஜேசிபி ஏறவே கூடாது. வேர் போன பொந்து வழியா தண்ணி கசியும், கசிவு பெருசானா கரையே உடைஞ்சிடும். அந்த இடத்துல கையால வெட்டி, துளிர் வர வர ஒடிச்சுப் போடுறதுதான் வழி. வெட்டின தூர்ல டீசல் ஊத்துவோம்னு எழுதியிருந்தா, தண்ணி நிக்கிற இடம் அது, அங்கேயே நிறுத்திடுங்க.

காலமும் பாருங்க. கண்மாய் வத்தின பிறகு, காய் பழுத்து விழறதுக்கு முன்னாடி வேலை முடியணும். பழுத்த காயை ஆடு மாடு தின்னு ஊரெல்லாம் சாணியில விதைச்சிடும். அதே சமயம் கொக்கு, நாரை, கூழைக்கடா கூடு கட்டியிருக்கிற மரத்துல கை வைக்கக் கூடாது. பறவை நாட்டு மரமா சீமை மரமான்னு பார்த்து உட்காராது. கூடு இருக்கிற மரத்துக்குப் பெயின்ட் அடையாளம் போட்டு, குஞ்சு பறக்கிற வரைக்கும் விட்டு வைப்போம்னு எழுதியிருக்காங்களா பாருங்க. ஒரே மாசத்துல 60 ஏக்கரும் சுத்தம்னு எழுதினவங்க இதையெல்லாம் யோசிக்கலைன்னு தெரியுது.

#3 உண்ணிக்காடு

வரப்பு, ஆ விண்ணப்பத்தில் அகற்றும் முறையை எப்படி எழுதியிருக்கிறார்கள்? அந்த ஒரு பத்தியை இங்கே போடுங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

#4 வரப்பு

அப்படியே தருகிறேன்:

"ஆணிவேரை மண்ணுக்குக் கீழே இரண்டு மூன்று விரல் ஆழத்தில் குத்தி வெட்டுவோம். புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுவோம். குருவி உட்காரும் மரங்களின் அடியில் மூன்று மழைக்காலமும் நாற்றைப் பிடுங்குவோம். முதல் மழைக்குப் பின் அங்கேயே சேகரித்த புல் விதை தூவுவோம். செலவு முதலாண்டு 60, அடுத்தது 25, கடைசி 15 விழுக்காடு."

#5 உண்ணிக்காடு

இதை எழுதியவர்கள் கையில் மண்வெட்டி பிடித்தவர்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபு குழுவினர் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டிய வேர்வெட்டு முறையும் இதுவே. உண்ணி மறுபடி துளிர்க்கும் பகுதி தண்டும் வேரும் சேரும் கழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டரில் வேரைத் துண்டித்தால் போதும், முழு வேரையும் தோண்ட வேண்டியதில்லை. தோண்டினால் மண் கிளறி, உறங்கிக் கிடக்கும் விதைகள் எழும்பும். கவிழ்த்துப் போடுவதன் காரணம், கிளைகள் ஈரமண்ணைத் தொட்டால் அங்கேயே வேர்விடும் என்பதுதான். அரிவாளால் மேலே வெட்டுவதும் தீ வைப்பதும் கவாத்து செய்வதற்குச் சமம்.

குருவி உட்காரும் மரத்தடி என்ற வரி எனக்கு மிகவும் பிடித்தது. பழத்தைத் தின்ற கொண்டைக்குருவிகள் விதையை எச்சமிடும் இடம் அதுதான். நாற்று பரவலாக வராது, அந்த மரங்களின் அடியில் கும்பலாக வரும். மறுசுற்றுக்கு, அதாவது மீண்டும் முளைத்த நாற்றைப் பிடுங்க, ஆட்களை எங்கே அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒன்று விடுபட்டிருக்கிறது. உண்ணி போன இடத்தில் வெயில் விழுந்ததும் பார்த்தீனியமும் கம்யூனிஸ்ட் பச்சை என்ற களைச்செடியும் நுழையும். புல் விதை தூவுவது சரி. எந்தப் புல், எத்தனை கிலோ, எப்போது சேகரிப்பார்கள் என்று கேளுங்கள். கவிழ்த்துப் போட்ட புதர்கள் மாசிக்கு மேல் நல்ல விறகு. கோடைத் தீக்காலத்துக்கு முன் அவற்றை எங்கே குவிப்பார்கள், தீத்தடுப்புக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதும் வேண்டும். நாற்காலி, கூடை செய்வோம் என்று பதில் வந்தால் நல்லதுதான். ஆனால் கைவினைக்கு நேரான தண்டு மட்டுமே ஆகும், குவியல் குறையாது.

ஆள்நாள் கணக்கைச் சரிபார்க்க எளிய வழி: 20 மீட்டருக்கு 20 மீட்டர் ஒரு சதுரம் போட்டு, அவர்களையே அகற்றச் சொல்லி நேரம் பாருங்கள். அது 400 சதுர மீட்டர், ஹெக்டேரில் 25-இல் ஒரு பங்கு. அடர்ந்த புதரில் நான்கு பேருக்கு ஒரு நாள் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 100 ஆள்நாள். 25 ஹெக்டேருக்கு 2,500 என்று உடனே பெருக்கிவிடாதீர்கள், எல்லா இடமும் ஒரே அடர்த்தியில் இராது. உதாரணமாக அடர்ந்தது 8 ஹெக்டேர், அதற்கு 800. நடுத்தரம் 10 ஹெக்டேர், பாதி உழைப்பு என்றால் 500. சிதறலாக 7 ஹெக்டேர், ஹெக்டேருக்கு 20 வைத்தால் 140. மொத்தம் 1,440. தமிழ்நாட்டில் 2025-26-க்கான நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். அந்த அடிமட்டக் கூலியிலேயே முதல் கணக்கு 8,40,000, இரண்டாவது 4,83,840. அடர்த்தி வரைபடம் இல்லாத விண்ணப்பத்தில் இவ்வளவு இடைவெளி ஒளிந்திருக்கும்.

அதோடு மறுசுற்று. முதல் மழைக்குப் பின் ஒரு சுற்று, ஹெக்டேருக்கு 12 ஆள்நாள்: 300. இரண்டாம் ஆண்டு 10 வீதம் இரண்டு சுற்று: 500. மூன்றாம் ஆண்டு 6 வீதம் இரண்டு சுற்று: 300. ஆக ஆண்டுவாரியாக 1,740, 500, 300. ஏறத்தாழ 68, 20, 12 விழுக்காடு. ஆ சொல்லும் 60, 25, 15 இதைவிடச் சற்று முன்ஜாக்கிரதையான பங்கீடு. மூன்றாண்டு கேட்டதற்காக அவர்களுக்கு மதிப்பெண் குறைத்திருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

#6 கணக்கர்

பணத்தின் பக்கம் சில விவரங்கள். மதிப்பீட்டாளர்கள் அடிக்கடி "எங்கள் நிதி ஓராண்டு நிதி, மூன்றாண்டு கொடுக்க முடியாது" என்கிறார்கள். நிறுவனச் சமூகப் பொறுப்பு விதிகளில் தொடர் திட்டம் என்று ஒரு வகை உண்டு. தொடங்கிய நிதியாண்டை நீக்கி மேலும் மூன்று நிதியாண்டு வரை ஓடலாம். அந்த ஆண்டில் செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் அதற்கென உள்ள தனி வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். மூன்றாண்டு மறுசுற்றுக்கு வழி இருக்கிறது. ஒப்புதலின்போதே தொடர் திட்டம் என்று இயக்குநர் குழு தீர்மானத்தில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

பணம் வாங்கும் அமைப்பு 2021 ஏப்ரல் 1 முதல் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். அதற்கு அறக்கட்டளை, சங்கம் அல்லது பிரிவு 8 நிறுவனமாக (லாப நோக்கற்ற நிறுவனம்) இருக்க வேண்டும், கூடவே 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகளும் வேண்டும். கிராம வனக்குழுவுக்கு இவை பெரும்பாலும் இராது. ஆகவே நடுவில் ஒரு அமைப்பு வரும். அதன் பங்கு என்ன, ஆள்கூலி யார் கணக்கில் போய் விழும் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டு நிதியாக இருந்தால் இந்த நடுவழியே கிடையாது. 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கத் தடை. நிர்வாகச் செலவு உச்சவரம்பும் 50-லிருந்து 20 விழுக்காடாகிவிட்டது.

நில அனுமதியை மதிப்பெண்ணுக்குள் வைக்காதீர்கள். 100-க்கு 90 வாங்கிய விண்ணப்பம் அனுமதி இல்லாமல் ஒரு நாள்கூட வேலை தொடங்க முடியாது. காப்புக்காடு என்றால் மாவட்ட வன அலுவலர். சரணாலயம் என்றால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 29-இன் கீழ் தலைமை வன உயிரினக் காப்பாளர் வரை போகும். 2006 வன உரிமைச் சட்டப்படி சமூக வன வள உரிமை பெற்ற ஊராக இருந்தால் கிராம சபைத் தீர்மானமே முதன்மை. துறைக் கடிதம் மட்டும் வைத்து கிராம சபையைத் தாண்டி வந்த விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

#7 புல்மேடு

இ பற்றி யாரும் பேசவில்லை. முதல் கேள்வி: அந்த இடம் சீகை வருவதற்கு முன் சோலையா, புல்வெளியா? நீலகிரி, பழனி மலை மேட்டில் சோலை பள்ளத்திலும் ஓடை மடிப்பிலும் இருக்கும், முகடும் சரிவும் புல்வெளி. புல்வெளியில் சோலை மரக்கன்று 8,000 நட்டால் அது மீட்பு இல்லை, இன்னொரு தோட்டம். பனியில் பாதி கருகும். பிழைத்த பாதி புல்வெளிக்கு ஆபத்து. பழைய நில அளவை வரைபடம், ஊர்ப் பெரியவர்கள் வாய்மொழி, சுற்றி எஞ்சிய புல் திட்டு, இவற்றில் ஏதாவது ஒன்றைச் சான்றாக வைத்திருக்கிறார்களா?

இரண்டாவது, சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி மண்ணைக் கிளறி வெயில் பட்டதும் நாற்றுப் பாய் விரிக்கும். இரண்டாண்டில் வெளியேறும் திட்டம் முன்பிருந்ததைவிட நெருக்கமான சீகைக் காட்டைத்தான் விட்டுவிட்டுப் போகும்.

மூன்றாவது, கிழட்டுச் சீகை நிழலில் சோலை மரக்கன்றுகள் தானாக எழும்பி வரும் இடங்கள் கொடைக்கானல் பக்கம் உண்டு. அங்கே மொட்டையாக வெட்டுவது வந்ததையும் கெடுப்பது. கீழே 5 மீட்டர் சதுரம் பத்து போட்டு, முழங்கால் உயரத்துக்கு மேல் சோலைக் கன்று எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை நன்றாக இருந்தால் வேலை சீகை நாற்றைப் பிடுங்குவது மட்டும்.

புல்வெளி என்றால் புல் தூர் நடவு. 50 சென்டிமீட்டர் இடைவெளிக்கு ஹெக்டேருக்கு 40,000 தூர் வேண்டும். அவ்வளவும் எங்கிருந்து? பக்கத்து நல்ல புல்வெளியைப் பெயர்த்து இங்கே நடுவது ஒரு கண்ணைக் குத்தி இன்னொரு கண்ணுக்கு மருந்து போடுவது. புல் நாற்றங்கால் இல்லாத விண்ணப்பம் 1 ஹெக்டேருக்கு மேல் கேட்டால் சந்தேகப்படுங்கள்.

#8 சதுப்பு

கடற்கரை விண்ணப்பம் வந்தால் இதே கதைதான், ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பிச்சாவரம், முத்துப்பேட்டைப் பகுதிகளில் அலையாத்தி அழிந்த இடங்கள் பல, பழைய மொட்டை வெட்டால் மண் தாழ்ந்து ஓதநீர் தேங்கி உப்பேறியவை. அங்கே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரை ஏற இறங்க விட்ட பிறகுதான் கன்று பிடித்தது. ஆகவே கன்று எண்ணிக்கைக்கு முன், வாய்க்காலின் நீளம், தூர் வாரும் செலவு. வாய்க்கால் சேறடைந்தால் எல்லாம் திரும்பிவிடும், எனவே பராமரிப்புப் பணமும்.

#9 நெல்லிமரம்

எல்லாரும் செடியைப் பத்தியே பேசறீங்க. சீமைக்கருவேலம் போனா யாருக்கு நட்டம்னு ஒரு கேள்வி தாள்ல இருக்கணும். அந்தக் காயை நம்பி ஆடு வளர்க்கறவங்க, அந்த முள்ளை நம்பி அடுப்பெரிக்கறவங்க, கரி சுடறவங்க இருக்காங்க. அவங்ககிட்ட பேசாம ஆரம்பிச்ச வேலைக்கு ரெண்டாவது மாசமே ஆடு கன்றுக்குள்ள நிக்கும். வேலி போட்டாலும் வேலிக்கம்பு அடுப்புக்குப் போகும். கூட்டக் குறிப்புல யார் யார் கையெழுத்துன்னு பாருங்க. ஆடு மேய்க்கிறவங்க பேர் ஒன்னு கூட இல்லாம "ஒருமனதாகத் தீர்மானம்"னு இருந்தா அது கடைத்தெருவுல எழுதின தீர்மானம்.

பயன்பெறுவோருக்கு 20 மார்க்குன்னு வெச்சிருக்கீங்க. ஊர் மக்கள்தொகை 3,400-ன்னு எழுதினா முழு மார்க்கா? அதை எடுத்துடுங்க. எத்தனை பேருக்கு, எத்தனை நாள், என்ன கூலி, ஆண் பெண்ணுக்கு ஒரே கூலியா, எத்தனை நாளுக்கு ஒருதரம் பட்டுவாடா. இதைக் கேளுங்க. பணம் மூணு தவணையா வரும், கூலி வாராவாரம் கொடுக்கணும். நடுவுல ரெண்டு மாசம் யார் கைப்பணம் போடறது? அந்தக் குழிக்குள்ளதான் நல்ல குழுவெல்லாம் விழுது. முதல் தவணை குறைஞ்சது முதல் மூணு மாசக் கூலிக்கு ஆகணும்.

இன்னொன்னு. நல்லா எழுதினவங்களுக்கு மார்க் போடாதீங்க. உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தோட சிறுமானியத் திட்டம் 1992-ல இருந்து நடக்குது. அங்கேயே உள்ளூர் மொழியில, வீடியோவாக் கூட விண்ணப்பம் வாங்கறாங்க. நம்ம ஊர் நிதிக்கு மட்டும் ஏன் முப்பது பக்க ஆங்கிலம்?

#10 கணக்கர்

அக்கா, வாய்மொழி விண்ணப்பம் நல்லது. ஆனால் வாய்மொழிக் கணக்கு ஆகாது. சம்பளப் பட்டியல், பொருள் இருப்புப் பதிவேடு, பற்றுச்சீட்டு மூன்றும் வேண்டும். குழுவுக்கு எழுதத் தெரியாது என்று நாம் கருணை காட்டினால் தணிக்கையில் மாட்டுவது அந்தக் குழுவின் பொருளாளர்தான்.

#11 நெல்லிமரம்

கருணைன்னு யார் சொன்னா? ஒரு கணக்கெழுதுற ஆளுக்கு மாசம் நாலு நாள் சம்பளம் வரவுசெலவுல வெச்சுக் கொடுங்க. மகளிர் குழுக் கூட்டமைப்புல கணக்கு எழுதற பொண்ணுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. அந்த வரியைத்தான் "நிர்வாகச் செலவு அதிகம்"னு மதிப்பீட்டாளர்கள் முதல்ல வெட்டறாங்க. அப்புறம் கணக்கு சரியில்லன்னு புகார்.

#12 கணக்கர்

அது சரி. அந்த வரியை வெட்டக் கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை.

#13 வரப்பு

எல்லாருக்கும் நன்றி. படித்ததை வைத்து ஒரு வரைவு.

வாசல், ஆம் அல்லது இல்லை: புல எண்ணும் பதிவேடும் பொருந்துகிறதா. அனுமதி தரும் அலுவலகத்தின் கடிதம் அல்லது கிராம சபைத் தீர்மானம் உண்டா. பணம் வாங்கச் சட்டப்படி தகுதி உண்டா. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மதிப்பெண் போடாமல் 60 நாள் அவகாசம்.

மதிப்பெண்: மறுசுற்றுத் திட்டமும் அதற்கான பணமும் 25. அகற்றும் முறையும் காலமும் 25. இடம் பற்றிய அறிவு, அதாவது முன்பு என்ன நிலம், அடர்த்தி வரைபடம், கூடு, ஓடை, 15. யார் பங்கேற்கிறார், யாருக்கு நட்டம், கூலி, 15. வரவுசெலவு 15. கண்காணிப்பு 5. கன்று எண்ணிக்கைக்கு 0.

இதன்படி போட்டால் ஆ 78, இ 41. அ வாசலிலேயே நிற்கிறது, கடிதம் ஊராட்சித் தலைவருடையது.

#14 உண்ணிக்காடு

வரைவு நன்று. சில திருத்தங்கள்.

ஒவ்வொரு தலைப்பிலும் எது 0, எது பாதி, எது முழுமை என்று ஒரு வரி எழுதிவையுங்கள். மறுசுற்று: "பராமரிப்போம்" என்று மட்டும் இருந்தால் 0. சுற்றுகளின் மாதங்கள் இருந்தால் 12. மாதம், இடம், ஆள்நாள், பணம், பொறுப்பாளர் ஐந்தும் இருந்தால் 25. இல்லாவிட்டால் ஒருவர் 20 போடுவார், இன்னொருவர் 8 போடுவார், நீங்கள் சராசரி எடுத்து 14 என்பீர்கள். அந்த 14-க்கு எந்தப் பொருளும் இல்லை. இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு, மொத்தத்தில் 15-க்கு மேல் வித்தியாசம் வந்தால் உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலும் ஒருவர் கவனித்த வரியை இன்னொருவர் தவறவிட்டிருப்பார்.

கண்காணிப்புக்கு 5 குறைவு, வேறொரு தலைப்பில் 5 குறைத்து இதை 10 ஆக்குங்கள். ஆனால் கேட்பதைக் குறையுங்கள். வேலை தொடங்கும் முன் ஐந்து கல் நட்டு, ஒவ்வொரு கல்லிலிருந்தும் ஒரே திசையில், ஒவ்வொரு ஆண்டும் அதே மாதத்தில் படம். ஐந்து நிரந்தரச் சதுரத்தில் நாற்று எண்ணிக்கை. இவ்வளவு போதும். நட்ட கன்று இருந்தால் 3, 12, 24 மாதங்களில் எண்ண வேண்டும், இறந்த இடத்தில் மறுநடவு செய்ததைத் தனிப் பத்தியில் எழுத வேண்டும். சேர்த்து எழுதினால் பாதி செத்த தோட்டமும் 95 விழுக்காடு பிழைத்ததாகத் தெரியும்.

எல்லைக்கோட்டைக் கோப்பாக வாங்கிச் செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்டுப் பரப்பைப் பாருங்கள். 25 ஏக்கரை 25 ஹெக்டேர் என்று எழுதிவிடுவது ஏமாற்று வேலையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, தட்டச்சுப் பிழையாகவும் இருக்கும். ஆனால் பணம் இரண்டரை மடங்கு போய்விடும்.

#15 புல்மேடு

இ-க்கு 41 போட்டுத் தூக்கி எறிய வேண்டாம். ஆட்கள் ஆர்வமாக இருக்கிறார்கள் என்றால் 1 ஹெக்டேர், ஓராண்டு, புல் நாற்றங்காலுக்கு மட்டும் ஒரு சிறு தொகை கொடுக்கலாம். நாற்றங்கால் எழுந்தால் அடுத்த சுற்றில் பெரிய விண்ணப்பம். 2022-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட கொள்கையின் பெயரிலேயே அந்நியத் தாவரம், சூழல் மீட்பு இரண்டும் சேர்ந்துதான் இருக்கின்றன. வெட்டுவதற்கு மட்டும் பணம் கொடுத்தால் பாதி வேலைக்குத்தான் கொடுத்ததாகிறது.

#16 வரப்பு

சரி. மறுப்புக் கடிதத்தில் காரணத்தை எவ்வளவு விரிவாக எழுதலாம்? அலுவலகத்தில் "தகுதி பெறவில்லை" என்று ஒரு வரி போதும் என்கிறார்கள்.

#17 நெல்லிமரம்

ஒரு வரி போதாது. எந்தத் தலைப்புல எவ்வளவு, எந்தக் காகிதம் குறைஞ்சது, யாரைப் போய்ப் பார்க்கணும். தமிழ்ல, ஒரு பக்கம். அ குழுவுக்கு "செயற்பொறியாளர், நீர்வளத்துறைன்னு போட்டுக் கடிதம் வாங்குங்க, கரை நீளத்துக்கு ஏத்த மாதிரி கன்று எண்ணிக்கையை மாத்துங்க, விறகு ஏலத்தை எழுதுங்க"ன்னு மூணு வரி எழுதினா அடுத்த தடவை உங்களுக்கே நல்ல விண்ணப்பம் வரும்.

#18 கண்மாய்க்கரை

அதுக்கு முன்னாடி அந்தக் கண்மாயோட ஆயக்கட்டு எவ்வளவுன்னு பார்த்துடுங்க. 40 ஹெக்டேருக்குக் கீழன்னா செயற்பொறியாளர்கிட்ட அலைய விட வேணாம், ஒன்றிய அலுவலகம்.

களத்துக்குப் போறப்ப ஒரு கடப்பாரை எடுத்துட்டுப் போங்க சார். குழு இதுக்கு முன்னாடி எங்கயாவது வேலை செஞ்சிருந்தா அந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி, நீங்களா ஒரு அஞ்சு தூரைத் தேர்ந்தெடுத்து ஒரு அடி தோண்டிப் பாருங்க. அவங்க காட்டுற தூரை இல்ல, நீங்க எடுக்கிற தூரை. அரை மணி நேர வேலை.